பப்பாளிக்கு ஊற்றியது

கேன்டீன் தோசை தட்டில் விழுந்ததும் தளவாய் அதைத் தொட மாட்டான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த டிஷ்யூ தாளை எடுத்து விரித்து, தோசையின் மேல் போர்த்துவான். ஐந்து விரல்களையும் அகல விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒற்றிக்கொண்டே போவான். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறவர்களின் கை அப்படித்தான் போகும். பிறகு தாளை உரித்து எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். எண்ணெய் ஊறிய இடமெல்லாம் கண்ணாடி ஆகியிருக்கும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் மூக்குகூட அதன் வழியே மங்கலாகத் தெரியும். திருப்தி வராவிட்டால் இன்னொரு தாள். அதற்கப்புறம்தான் முதல் வாய். இரண்டாவது வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் நடுவே ஒரு மாத்திரை. முன்னால் போட்டாலும் வீண், சாப்பிட்டு முடித்துப் போட்டாலும் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதித் தோசையோடு எழுந்து, மீதியை டப்பாவில் அடைத்துக்கொள்வான். ஒரே வேளையில் வயிற்றை நிரப்பக் கூடாது. ஆறு தடவையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கேன்டீன் வாசலில் விரல் வைக்கிற மெஷினோ ஒரு ஷிப்டுக்கு ஒரு சாப்பாடு, ஒரு டிபன் என்பதற்கு மேல் யாரையும் உள்ளே விடாது. அதற்குத்தான் டப்பா.

"இன்னா மாமே, சரக்குக்கு ஊறுகா போயி தோசைக்கு மாத்திரயா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து எவனாவது கேட்பான்.

தளவாய் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவான். 'நான் குடிக்கிறதில்லை' என்ற வாக்கியத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று மாதத்தில் அவன் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டான். சொல்லச் சொல்ல அது குடிகாரர்கள் சொல்லும் வாக்கியத்தைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ரேடியேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் லீக் டெஸ்ட் அவன் வேலை. ரேடியேட்டருக்குள் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடுகை விடச் சின்னக் குமிழி ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்து மறையும். அதைப் பிடிக்கிற கண் லைனில் அவனுக்குத்தான் இருந்தது. அதிகம் பேசாத ஆளுக்கு ஏற்ற வேலை. ஐந்து வருஷமாக அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றவனை இப்போது பேக்கிங்கில் உட்கார்த்தி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள்.

காரணம் ஒரே ஒரு சொல். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில், 'பழக்கங்கள்' என்று போட்ட கட்டத்துக்கு எதிரே, 'மது: உண்டு' என்று எழுதியிருந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த நோய் வந்தது. படப்பையில் அவர்கள் இருந்த அறை ஒரு வீட்டின் பின்கட்டு. தளவாயோடு கோவில்பட்டி மணிகண்டபிரபுவும் தூத்துக்குடி ஃபிரடியும். மத்தியானம் பரோட்டாவும் சால்னாவும் தின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேல்வயிற்றில் யாரோ கம்பியைச் செருகி முதுகு வழியாக உருவுகிற மாதிரி இருந்தது. படுக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்தால்தான் மூச்சு வந்தது.

"கேஸ்டாப்பா. எந்திச்சு நடல" என்று சொல்லி மணிகண்டபிரபு உப்புச் சோடா கொடுத்தான். குடித்த வேகத்தில் வெளியே வந்தது. இரண்டு மணி நேரம் கேஸ், கேஸ் என்றே போயிற்று. ஃபிரடிதான் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது தலைக்கு மேலே ஒரு கேள்வி கேட்டது: "குடிப்பாரா?" வாயைத் திறந்தால் அலறல்தான் வரும் என்று தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல் "ஆமா சார்" என்றது. காது அடைத்திருந்ததில் யார் குரல் என்று பிடிபடவில்லை. மணிகண்டபிரபுவாகத்தான் இருக்கும். எந்தக் கேள்விக்கும், அது யாரிடம் கேட்ட கேள்வியானாலும், முதலில் பதில் சொல்கிறவன் அவன்தான்.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அப்படி ஒரு உறுப்பு தனக்குள் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். சாப்பாட்டைச் செரிக்க வைக்க வேண்டிய நீர், வெளியே போக வழியில்லாமல் கணையத்தையே செரிக்கப் பார்க்கிறதாம். ஐந்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. கையில் ஊசி வழியாகப் பாட்டில் பாட்டிலாக இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு மட்டும் மரப்பலகையாகக் கிடந்தது. நர்ஸ் வந்து பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டுப் போவார். கண்ணை மூடினால் லீக் டெஸ்ட் தொட்டி தெரியும். அதில் தலையை விட்டுக் குடிக்க வேண்டும் போல இருக்கும்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் கடைப் படியில் உட்கார வேண்டியிருந்தது. கழிவறையில் எண்ணெய் மிதந்தது. மூன்று வாளி ஊற்றினாலும் போகாது, வீட்டுக்காரம்மா பாஞ்சாலி தண்ணித் தொட்டியை எட்டிப் பார்த்துப் பார்த்துப் பேசினார். சாப்பிடும்போது வயிற்றில் எங்கேயாவது சுருக்கென்றால் போதும், கை தட்டிலேயே நின்றுவிடும். அந்தக் கம்பி திரும்பி வருகிறதா என்று காத்திருப்பான். வராது. ஆனால் சோறு ஆறிப்போயிருக்கும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த ஊதுகிற வேலையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தினம் காலையில் ஷிப்டுக்கு முன்னால் மெடிக்கல் ரூமில் போய் ஒரு குழாயில் ஊத வேண்டும். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போவார்கள்.

"இன்னிக்கும் ஜீரோதாண்ணா" என்றாள் நர்ஸ் வேல்விழி. நல்ல பெண். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இது நாப்பதாவது ஜீரோம்மா. இன்னும் எத்தன ஜீரோ வேணும் ஒங்களுக்கு?"

"நான் இன்னாண்ணா பண்றது? பேப்பர்ல எழுதிக்கீதே. அத மாத்திக்கினு வந்துட்டீங்கனா நம்ம டாக்டர் உடனே ஃபிட்னஸ் சைன் போட்ருவாரு." அவள் பார்வை அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று. "கயிறுகூட கட்டிக்கினுகீறீங்களே. நல்லதுண்ணா. எங்க மாமாவும் கயிறு கட்னப்புறம்தான் விட்டாரு."

அந்தக் கயிறு அம்மா பேச்சி அனுப்பியது. குடியை விடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்து கட்டுகிற கயிறு. மகன் ஊரில் இல்லையென்று அவனுக்குப் பதிலாகத் தானே சத்தியம் செய்து, கூரியரில் அனுப்பியிருந்தாள். "அம்மா, நான் குடிக்கதே இல்லம்மா" என்று அவன் போனில் கத்தினான். "சரிய்யா, இனிமே குடிக்காண்டாம்" என்றாள் அவள். கட்டாமல் விட்டால் சாமி குத்தம் வரும் என்று அழுதாள். கட்டிக்கொண்டான். குடிக்காதவன் கையில் குடியை விட்ட கயிறு. பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

சூப்பர்வைசர் கோதண்டராமன் வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "குமிழி பாக்கறதுக்கு நிதானமான கண்ணு வேணும்பா. நாளிக்கி ஒண்ணு லீக்காயி வண்டி நட்ட நடு ரோட்ல நின்னுச்சுனா எவன் தல உருளும்? என் தல. நீ அந்தப் பேப்பர கிளியர் பண்ணிக்கினு வா, உன் எடம் உனக்குத்தான். பொங்கலு வரிக்கும் பாப்பேன். அதுக்கு மேல அங்க வேற ஆள பர்மனென்ட்டா போட்ருவேன்."

சரி, மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அவனை அன்று பார்த்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். இப்போதிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க சொல்றத வச்சு மாத்த முடியாது தம்பி. இந்த நோயில எல்லாருமே குடிக்கலைன்னுதான் சொல்வாங்க. அன்னைக்குக் கூட வந்தவர் சொன்னது இது. அவரே வந்து, தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும்."

"அப்ப எனக்கு ஏன் சார் வந்துச்சு?"

"குடிதான்னு போட்டிருக்கே."

"நான் குடிக்கலயே சார்."

"அப்போ வேற காரணம் தேடணும். தேடாம விட்டா திரும்பவும் வரலாம். அதுக்குத்தான் சொல்றேன், அவரக் கூட்டிட்டு வாங்க."

திரும்பவும் வரலாம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தச் சொற்கள் மேல்வயிற்றில் உட்கார்ந்திருந்தன. முந்தின நாள்வரை அது மானப் பிரச்சினையாக இருந்தது.

ஆனால் மணிகண்டபிரபுவிடம் எப்படிக் கேட்பது? அவன் பொய் சொல்லவில்லையே. தளவாய் குடித்ததை அவன் ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நாலு வருஷமாகக் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

அறைக்கு வந்த புதிதில் தளவாய் ஒன்றைக் கவனித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயில் வட்டமாக உட்கார்ந்து பாட்டிலைத் திறக்கும்போது, குடிக்காத ஒருவன் கூட இருந்தால் யாருக்கும் வாய் திறக்காது. அவனை மிக்சர் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசுவார்கள். திரும்பி வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். தளவாய்க்கு அந்தப் பேச்சுதான் வேண்டியிருந்தது. வாரம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மனுஷக் குரல் கேட்கிற ஒரே இடம் அந்தப் பாய். ஆனால் சரக்கு வாடையே அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, குமட்டும். அதனால் கண்ணாடி கிளாஸ் வேண்டாமென்று எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டான். ஃபிரடிதான் எப்போதும் ஊற்றுவான். உள்ளே ரம்மும் கோலாவும். தளவாய் டம்ளரோடு கொல்லைப் பக்கம் போவான், மூக்கைத் திருப்பிக்கொண்டு பப்பாளி மரத்தடியில் கவிழ்ப்பான், தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் கோலா பாட்டிலிலிருந்து டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து உட்காருவான். இரண்டாவது ரவுண்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவான். மூன்றாவதில் சுவரில் சாய்ந்துகொள்வான். பப்பாளியைச் சுற்றி எந்நேரமும் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும்.

நோய் வந்ததிலிருந்து அந்தப் பாயும் போயிற்று. பார்த்தால் அவனுக்கு ஆசை வந்துவிடும் என்று இரக்கப்பட்டு, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். அவன் அறையில் தனியே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வாசலை மறித்து நின்று சொல்லிவிட்டான். அன்று ஷிப்ட் இருந்ததால் ஃபிரடி யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மணிகண்டபிரபு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் ஒரு காலோடு நின்றான்.

"என்னல சொல்லுத?"

"நான் ஒரு நாளும் குடிச்சதில்லடா. எல்லாம் பப்பாளிக்கு ஊத்துனேன். நான் குடிச்சது வெறும் கோலா."

மணிகண்டபிரபு முதலில் சிரித்தான். தளவாய் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"நாலு வருசமாவா?"

"ஆமா."

"ஏல, போன வருசத் தீவாளிக்கு செவுத்துல முட்டி முட்டிப் பேசுன?"

"அது சும்மா."

"நான் எங்கக்கா வீட்டு விசயத்த ஒங்கிட்டச் சொன்னேன். ஞாபகம் இருக்கா? எங்காத்தாகிட்டகூடச் சொல்லல அத. விடிஞ்சா ஒனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சுச் சொன்னேன்ல! நீ பச்சத் தண்ணி மாதிரி தெளிவா ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டிருக்க?"

"கேட்டேன்."

"நான் அழுதேன். நீயும் கூட அழுத. அது என்ன அழுக? அதுவும் கோலாதானா?"

"அது நெசமான அழுகடா."

"போடா" என்றான் மணிகண்டபிரபு. "குடிகாரன்னா நம்பலாம். உன்ன எப்பிடி நம்பச் சொல்லுத?"

"மணி, நீ ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ வந்து, தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும். காரணம் என்னன்னு தேடணும்டா. இல்லன்னா திரும்ப வருமாம்."

"நான் எங்கலே சொன்னேன்? சொல்லியிருந்தாலும் என்னன்னு எழுத? 'இவன் குடிக்காமலே குடிச்ச மாதிரி நாலு வருசம் நடிச்சான் சார்'னா? அந்த டாக்டர் என்னையப் புடிச்சு மனநோய் வார்டுல போட்ருவான்." இன்னொரு செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான். நான் எங்கே சொன்னேன் என்று அவன் கேட்டது கோபத்தில் வந்த வார்த்தை என்றுதான் தளவாய் நினைத்தான்.

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றிருந்தது. லேசாகத் தீய்ந்த வாடை வந்ததும் ஃபிரடி அதைத் தூக்கினான். காலரில் பழுப்பு முக்கோணம். அதை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினான். இவனும் கோபித்துக்கொண்டான் என்று தளவாய் நினைத்தான். இருந்த இரண்டு பேரும் போயாயிற்று.

அடுத்த பதினைந்து நாள் அறையில் பேச்சே இல்லை. ஊதினான், ஸ்டிக்கர் ஒட்டினான், டிஷ்யூ தாளால் ஒற்றினான். மாத்திரை தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த டாக்டர் இந்தத் தடவை கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினார்.

"உங்க ரூம்மேட் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார் தம்பி. திருத்தியாச்சு. இன்னொரு ஸ்கேன் எழுதறேன். வாய் வழியா உள்ள விட்டுப் பாக்கறது. கொஞ்சம் சிரமமா இருக்கும்."

அந்த ஸ்கேனில் பித்தப்பைக்குள் பொடிக்கற்கள் தெரிந்தன. மணல் மாதிரி. அதில் ஒன்று நழுவி வந்து கணையத்தின் வாயை அடைத்திருக்க வேண்டும் என்றார். முதல் ஸ்கேனில் வயிற்று வாயு மறைத்துவிட்டதாம்.

"அன்னைக்கே இன்னொரு தடவ பாத்திருக்கலாமே சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடின்னு எழுதியிருந்துச்சு. காரணம் கெடச்சுருச்சுன்னு தேடறத விட்டுட்டாங்க."

மார்கழியில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கோதண்டராமன் அவனைத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பாத்துக்க. ஒன் எடத்துல வேற எவனையும் நான் வுடல" என்று, பேக்கிங்குக்கு அனுப்பியதே தான் இல்லை என்பது போலச் சொன்னார். மாத்திரையும் ஆறு வேளையும் தொடர்ந்தன. மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கால் தளரும். வயிற்றில் சுருக்கென்றால் கை இன்னும் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் குமிழி தெரிகிறது.

மணிகண்டபிரபுவுக்கு நன்றி சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பதிலுக்கு, அவன் முறையில் பிடிக்க வேண்டிய குடிதண்ணீரையெல்லாம் இவனே பிடித்துக் குடத்தில் வைத்தான். மணிகண்டபிரபு அதை, நாலு வருஷம் நடித்த தப்புக்குப் பரிகாரம் என்று எடுத்துக்கொண்டான். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஏல நடிப்புத் திலகம், வந்து ஒக்காரு" என்று பாயில் இடம் விட்டான். "கோலாவ இங்கயே வச்சுக் குடி. மரத்துக்குப் போகாத."

ஃபிரடி அந்தப் பாயில் இல்லை. தை பிறந்ததுமே புனேயில் ஒரு கம்பெனிக்கு மாறிப் போயிருந்தான். போகும்போது தளவாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பங்குனியில், கம்பெனி கோப்பில் வைக்க ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாத் தாள்களின் நகலையும் வாங்கினான் தளவாய். கேன்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். முதல் நாள் தாளில் 'மது: உண்டு' என்பதற்குக் கீழே, 'தகவல் சொன்னவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. கார்த்திகையில் எழுதிக் கொடுத்த கடிதத்தின் அடியிலும் அதே கையெழுத்து. இரண்டிலும் ஃபிரடி.

அங்கேயே போன் போட்டான். பின்னால் மெஷின் இரைச்சலோடு ஃபிரடி எடுத்தான்.

"நான் குடிப்பேன்னு சொன்னது நீயா?"

"ஆமால."

"ஏன்?"

"மணி பக்கத்துலயே நிக்கான். நீ நாலு வருசமா பாடுபட்டு மறச்சத அவன் முன்னால நான் எப்பிடில உடைக்க? வயித்துவலிதான, ஊசி போட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன். அந்த ஒத்தச் சொல்லு இம்புட்டுத் தூரம் வரும்னு எனக்கென்ன தெரியும்?"

"அப்ப ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாவது மாசமே தெரியும். சன்னல் வழியாப் பாத்தேன். நல்ல சரக்கு மரத்துக்குப் போகுது, வயிறு எரியாதா மனுசனுக்கு? அதுக்கப்புறம் ஒன் டம்ளர்ல நான் ஒரு சொட்டு ஊத்துனதில்லல."

அப்படியானால் நாலு வருஷமாகத் தளவாய் மூக்கைத் திருப்பிக்கொண்டு பப்பாளிக்கு ஊற்றியது வெறும் கோலா. ஊற்றிவிட்டு, டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டு வந்ததும் கோலாதான்.